சேர்ப்பதும் விடுப்பதும்

இணையத்தில் ஒரு பக்கத்தை நாம் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பதற்கென்று எங்கோ ஒரு கணினி விழித்திருக்கிறது. அதனை வழங்கி என்பர். சர்வர் என்றால் பலருக்கும் விளங்கும். அதில் இயங்கும் மென்பொருள்களுள் பல, தம் மூலநிரலை எவரும் படிக்கத் திறந்து வைத்திருப்பவை. 2004ஆம் ஆண்டில் இகோர் சிசோயெவ் என்னும் ரஷ்யர் வெளியிட்ட எஞ்சின்எக்ஸ் அவற்றுள் ஒன்று. அதனை இயங்கும் நிலையில் ஆயத்தமாகவே பெறலாம். மூலநிரலை இறக்கி நாமே கட்டிக்கொள்ளவும் செய்யலாம். முன்னது சில நொடி வேலை. பின்னதற்கு, முதன்முறையாயின், ஒரு பகற்பொழுதே போய்விடக்கூடும். அப்படியிருந்தும் நாம் பல ஆண்டுகளாகப் பின்னதையே செய்து வருகிறோம்.

மூலநிரல் மனிதர் படிப்பதற்காக எழுதப்பட்டது. தொகுப்பி என்னும் கருவி அதனை இயந்திர மொழியாக மாற்றித் தந்தால்தான் கணினிக்குப் புரியும். அதற்கு முன் 'கன்ஃபிகர்' என்றொரு கட்டளையை இடுகிறோம். தொகுப்பி உண்டா, வேண்டிய துணை நூலகங்கள் உண்டா என்று அது ஒவ்வொன்றாக விசாரிக்கும். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள்! முகவரிகளை மாற்றியமைக்கும் பகுதிக்கு பி.சி.ஆர்.இ. என்னும் நூலகம் வேண்டும்; அஃது இல்லையெனில் வேலை அங்கேயே நின்றுவிடும். சில வேளைகளில் நூலகம் கணினியில் இருக்கவே இருக்கும். ஆயினும் இல்லையென்றே கன்ஃபிகர் சாதிக்கும். காரணம் எளியது. இயங்குவதற்கு வேண்டிய கோப்பு வேறு. அதனோடு இணைத்துக் கட்டுவதற்கு வேண்டிய தலைப்புக் கோப்புகள் வேறு. பின்னவை பெரும்பாலும் தனிப் பொதியாகவே வருகின்றன. இந்த ஒன்று தெரியாமல் மனம் சோர்ந்து பாதியில் கைவிட்டவர்களை நாம் அறிவோம்.

தடைகள் நீங்கிய பின்னர், எப்பகுதியைச் சேர்ப்பது, எதனை விடுப்பது என்பதை நாம் சொல்ல வேண்டும். செய்திகளை மறைகுறியாக்கும் பகுதி, கேட்டாலன்றிச் சேராது. அடைவிலுள்ள கோப்புகளைப் பட்டியலிட்டுக் காட்டும் பகுதியோ, வேண்டாமென்று சொன்னாலன்றி விலகாது. அதன்பின் 'மேக்'. பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் ஆக்கிய கருவி இது. நூறு கோப்புகளுள் ஒன்று மட்டும் மாறியிருந்தால், அந்த மாற்றம் தொட்டவற்றை மட்டுமே மீண்டும் தொகுக்கும். அத்தனை சிக்கனம்!

"காக்கா, ஒரே கட்டளையில் வந்து இறங்குவதை விட்டுவிட்டு இந்தப் பாடு எதற்கு?" என்று நம்மோடு பணிபுரியும் தம்பி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் வெளிவந்த ஓர் அறிவிப்பை நாம் அவருக்கு எடுத்துக்காட்டினோம்.

மறைகுறியாக்கத்திற்கு உலகெங்கும் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தைப் பற்றியது அது. இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று இரு முனைகளும் விசாரித்துக்கொள்ள, 'இதயத்துடிப்பு' என்றொரு வசதி 2012இல் வெளிவந்த பதிப்பில் சேர்ந்திருந்தது. ஒரு முனை சிறு செய்தி ஒன்றை அனுப்பி, அதன் நீளத்தையும் கூறும். மறுமுனை அதே செய்தியைத் திருப்பியனுப்பும். கூறிய நீளம் மெய்தானா என்று அந்நிரல் சரிபார்க்கவில்லை. ஆகவே, ஒரு துளி அனுப்பிவிட்டு ஒரு குடம் அனுப்பியதாகச் சொன்னவனுக்கு, வழங்கி தன் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்தது. கடவுச்சொற்களும், மறைகுறியின் திறவுகோலும்கூட அதில் அகப்படக்கூடும். ஹார்ட்பிளீட் என்று பெயர் பெற்ற குறை இதுவே. திருத்திய பதிப்புக்கு உடனே மாற இயலாதோர், ஒரேயொரு குறிப்பைச் சேர்த்து, அவ்வசதியை விடுத்து நூலகத்தை மீண்டும் தொகுத்துக்கொள்ளலாம் என்று ஆக்கியோரே அறிவித்தனர். நம் வேலைக்கு அந்த இதயத்துடிப்பு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. தேவைப்படாத ஒன்று உள்ளே இருக்கிறது என்பதை அறிந்திருப்பதும், அதனை எடுத்துவிடும் வழியை அறிந்திருப்பதும் அன்று பெரிய காரியங்களாயின.

தம்பி எளிதில் விடவில்லை. "மூலநிரலிலேயே நஞ்சு கலந்திருந்தால்?" என்றார். அதுவும் நடந்ததே. எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், ஆண்டுக்கணக்கில் நற்பெயர் சேர்த்துப் பராமரிப்பாளராகிவிட்ட ஒருவரே கள்ளவழி அமைத்திருந்தது 2024 மார்ச் 29இல் வெளிப்பட்டது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது ஏறக்குறைய அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, ஆந்திரெஸ் ஃபிராயிண்டு என்னும் பொறியாளர் துருவிக் கண்டுபிடித்தார். அதில் நம்மை உலுக்கியது வேறொன்று. நஞ்சைத் தூண்டிவிடும் சிறு நிரல், அனைவரும் காணும் களஞ்சியத்தில் இல்லை. கட்டுவோர் இறக்கிக்கொள்ளும் பொதியில் மட்டுமே இருந்தது. கன்ஃபிகர் ஓடும்போதுதான் அது விழித்துக்கொண்டது. நம்பிக்கையோடு நாம் இடும் முதற்கட்டளையையே அவர் வாயிலாக்கிக்கொண்டார்.

அதுமுதல், பொதியிலுள்ளதையும் களஞ்சியத்திலுள்ளதையும் ஒப்பிட்டு, கையொப்பத்தையும் சரிபார்த்த பின்பே கட்டுகிறோம். எந்தெந்தத் தெரிவுகளோடு கட்டப்பட்டது என்று கேட்டால் எஞ்சின்எக்ஸ் தானே அச்சிட்டுச் சொல்லும். எனினும் தனிக் குறிப்பேடொன்றில் எழுதியும் வைக்கிறோம்.

சுமையும் உண்டு. ஆயத்தப் பொதியாயின் திருத்தத்தைப் பிறர் கட்டியனுப்புவர். நாமே கட்டியதற்கு நாமே பொறுப்பு. குறை பற்றிய அறிவிப்பு பெருநாளன்று வந்தாலும் உட்கார்ந்து கட்டியாக வேண்டும். அப்படிப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத அலுவலகங்கள் நம்மிடம் கேட்டால், ஆயத்தப் பொதியையே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறோம்.