வெடித்தது கோலி சோடா இல்லை

1/
எளாவூர் பக்கம், பழவேற்காடு ஏரியோரக் குப்பத்துத் தம்பி ஒருத்தர். இருபது சொச்சம் வயசு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. ஒருநாள் காலை ஓபியில் வலது கண்ணைத் துண்டால் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.
"கோலி சோடா வெடிச்சிடுச்சு சார்."
(ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

2/
எப்போ?
"நேத்து ராத்திரி."
அதுவரை என்ன செஞ்சீங்க? அவங்க அம்மா சொன்னாங்க: "பக்கத்து வூட்டுப் பொண்ணுகிட்ட தாய்ப்பால் வாங்கி வுட்டோம் சார்."
டார்ச் அடித்துப் பார்த்தேன். கருவிழி கிழிந்திருந்தது. 12 மணி நேரம் போய்விட்டது.

3/
அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டு மறுபடி கேட்டேன். உண்மை வந்தது. யூடியூப் பார்த்து வீட்டிலேயே பீர் போட்டிருக்கிறார். நுரை வரணும் என்று, முழுசாகப் புளிக்காததைப் பழைய சாஸ் பாட்டில்களில் ஊற்றி, சர்க்கரையும் போட்டு, இறுக மூடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வைத்திருக்கிறார். ஒன்றைக் கையில் எடுத்தபோது வெடித்தது.
"போலீஸ் கேஸ் ஆயிடும்னு பயம் சார். அதான் வரல."

4/
ஏன் வெடித்தது? ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றால் ஏறக்குறைய பாதி ஆல்கஹால், பாதி கார்பன் டை ஆக்சைடு. ஒரு லிட்டர் பீரில் 4 கிராம் சர்க்கரை புளித்தால் சுமார் ஒரு லிட்டர் வாயு கிடைக்கும். பீருக்குத் தேவை இரண்டரை லிட்டர் அளவுதான். முழுசாகப் புளிக்காத பீரில் இன்னும் எத்தனை கிராம் சர்க்கரை மிச்சம் இருக்கு? அந்தத் தம்பிக்குத் தெரியாது. ஈஸ்ட்டுக்குத் தெரியும்.

5/
இன்னொன்று வெயில். குளிர்ந்த திரவம் வாயுவைத் தன்னுள் வைத்துக்கொள்ளும், சூடானால் வெளியே தள்ளும். 4 டிகிரியில் சுமார் 12 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இருக்கும் அதே பீர், 35 டிகிரி அறையில் 45-ஐத் தொடும். உங்க பைக் டயரில் இருப்பது சுமார் 30. கோலி சோடா பாட்டில் அவ்வளவு கனமாக இருப்பது சும்மா இல்லீங்க. சாஸ் பாட்டில் அதுக்குச் செய்ததில்லை.

6/
பீர் ஆலைகளிலும், வீட்டில் பீர் போட அனுமதி உள்ள நாடுகளிலும் கெக் என்கிற எஃகுப் பீப்பாய் வைத்திருப்பார்கள். முதலில் முழுசாகப் புளிக்க விடுவார்கள். பிறகு குளிரவைத்து, சிலிண்டரிலிருந்து மீட்டர் பார்த்து வாயு ஏற்றுவார்கள். வீட்டு அளவில் இதுக்கே ஒரு வாரம் போல ஆகும். அழுத்தம் மீறினால் திறந்துவிடப் பாதுகாப்பு வால்வும் உண்டு. வீடியோவில் நமக்குத் தெரிவது கடைசியில் வரும் நுரை மட்டும்தான்.

7/
தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-ன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். அதனால் செய்யாதீங்க. கிறிஸ்துமஸ் ஒயினோ இஞ்சி சோடாவோ, புளிக்கிற எதையும் கண்ணாடியில் இறுக மூடி வைக்காதீங்க. அதையும் மீறி ஏதாவது நடந்துவிட்டால், கேஸுக்குப் பயந்து ஒரு ராத்திரியை வீணாக்காதீங்க. சட்டத்தைப் பிறகு பார்க்கலாம். கண் காத்திருக்காது.

8/
கண்ணில் கண்ணாடி குத்தினால்:
• தேய்க்காதீங்க, அழுத்தாதீங்க, கழுவாதீங்க.
• குத்தி நிற்பதைப் பிடுங்காதீங்க.
• தாய்ப்பால், எண்ணெய், கடையில் வாங்கிய சொட்டு மருந்து எதுவும் வேண்டாம்.
• பேப்பர் டீ கப்பின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணில் படாமல் மேலே கவிழ்த்து பிளாஸ்திரி ஒட்டுங்க.
• சாப்பாடு, தண்ணீர் கொடுக்காதீங்க. ஆபரேஷன் தேவைப்படலாம்.
• 108-க்குக் கூப்பிடுங்க.
(ஆசிட், சுண்ணாம்பு பட்டால் மட்டும் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவணும். அது வேற கதை.)

9/
தம்பியை எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அனுப்பினோம். 1819-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி. அன்றைக்கே தையல் போட்டார்கள். கண் தங்கியது. பார்வை முழுசாகத் திரும்பவில்லை. அந்தக் கண்ணால் எதிரே நீட்டிய விரல்களை எண்ணுகிறார், அவ்வளவுதான்.

போன மாதம் வந்தபோது கேட்டார்: "ராத்திரியே வந்திருந்தா சார்?"
உறுதியாகச் சொல்ல முடியாது தம்பி என்றேன். அதுதான் நிஜம். ஆனால் அந்தக் கேள்வி இனி வேறு யாருக்கும் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வீட்டில் இருக்கும் பசங்களுக்கு அனுப்புங்க.