ஓய்வூதியச் சுற்றுலா

உக்ரைனில் சில ஆண்டுகள் புழங்கிய ஒரு சொல்லைத் தமிழில் 'ஓய்வூதியச் சுற்றுலா' என்று பெயர்க்கலாம். அதிகாரிகள் சொன்னார்கள், தொலைக்காட்சிகள் சொல்லின. கேட்டவுடன் நமக்குக் காசி, ராமேசுவரம் என்று புறப்படும் மூத்த குடிமக்கள் பேருந்து நினைவுக்கு வரும். அந்தச் சொல் சுட்டியது வேறு ஆட்களை. போர்முனைக் கோட்டைக் கால்நடையாகக் கடந்து, மறுபக்கத்து வங்கியில் தங்கள் ஓய்வூதியத்தை எடுத்துக்கொண்டு வீடு திரும்பிய கிழவிகளை.

ஆம், பெரும்பாலும் கிழவிகள். கோட்டைக் கடந்தவர்களிடம் தொண்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் எடுத்த கணக்குகளில் பெண்களே மிகுதி, அறுபதைத் தாண்டியவர்களே மிகுதி. காரணம் எளிது. சோவியத் காலத்தில் பெண்ணுக்கு ஓய்வு வயது 55, ஆணுக்கு 60. அங்கே ஆண்கள் பெண்களைவிட ஏறத்தாழப் பத்தாண்டுகள் முன்னதாகவே இறந்துவிடுகிறார்கள். சுரங்கமும் வோட்காவும் கொண்டுபோனது போக எஞ்சியவர்கள் பெண்கள்.

அவர்கள் கடந்த இடங்களில் ஒன்று, ஸ்தானித்சியா லுஹான்ஸ்கா என்ற ஊரின் பாலம். சிவெர்ஸ்கி டொனெட்ஸ் ஆற்றின் மேல் இருக்கிறது. 2015இல் சண்டையில் நடுவே இடிந்துபோனது. இடிந்த இடத்தில் மரப்பலகைகளை அடுக்கிச் செங்குத்தான சரிவு ஒன்றை அமைத்தார்கள். இறங்கி, மறுபடி ஏற வேண்டும். வண்டி போகாது. லுஹான்ஸ்க் மாகாணம் முழுவதற்கும் அந்த ஒரே வழிதான். இரண்டு சோதனைச் சாவடிகளுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை. நடக்க முடியாதவர்களைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக் கூலி வாங்கினார்கள் வேலையிழந்த ஆண்கள். மழையில் பலகை வழுக்கும், பனியில் உறையும். வரிசையில் நின்றபடியே மாரடைப்பில் செத்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. 2019 நவம்பரில்தான் பாலத்தைச் சரிசெய்தார்கள்.

அந்தக் கோடு எப்படி வந்தது? நம் நாளிதழ்கள் உக்ரைனை இரண்டு வண்ணம் பூசிய வரைபடமாகக் காட்டும். மேற்கே உக்ரைனிய மொழி, கிழக்கே ரஷ்ய மொழி, ஆகவே பிளவு. எனக்கு இந்த வரைபடத்தின்மேல் நம்பிக்கையில்லை. 1991 டிசம்பர் 1 அன்று விடுதலைக்கான வாக்கெடுப்பில் டொனெட்ஸ்க்கிலும் லுஹான்ஸ்க்கிலும் 80 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. கிரிமியாவில்கூடப் பாதிக்கு மேல். ரஷ்ய மொழியில் கனவு காண்பவர்களும் உக்ரைனுக்கு வாக்களித்தவர்கள்தாம்.

2013 நவம்பரில் அதிபர் யானுகோவிச் ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தார். கீவ் நகரின் மைதானில் கூட்டம் சேர்ந்தது. (பாரசீகத்திலிருந்து கிளம்பி, வெவ்வேறு வழியாக உக்ரைனுக்கும் தமிழுக்கும் வந்துசேர்ந்த ஒரே சொல் இந்த மைதானம். சொல்லுக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை.) 2014 பிப்ரவரியில் ஏறத்தாழ நூறு பேர் அங்கே கொல்லப்பட்டார்கள், அதிபர் தப்பியோடினார். மறுநாளே நாடாளுமன்றம், ரஷ்ய மொழிக்கு வட்டார உரிமை தந்த சட்டத்தை நீக்க வாக்களித்தது. அதில் தற்காலிக அதிபர் கையெழுத்திடவில்லை. ஆனால் அச்சம் பரவிவிட்டது. தமிழ் நடத்துகிறவளுக்கு மொழி போய்விடும் என்ற அச்சம் எப்படிப்பட்டது என்று தெரியும். அதை நான் ஏளனம் செய்யமாட்டேன். அந்த அச்சத்தைத் துப்பாக்கியில் நிரப்பியவர்கள் வேறு ஆட்கள். மார்ச்சில் ரஷ்யா கிரிமியாவை விழுங்கியது. ஏப்ரல் 12 அன்று ஸ்லோவியான்ஸ்க் நகரைக் கைப்பற்றிய கும்பலின் தலைவர் இகோர் கிர்கின், ரஷ்ய உளவுத்துறையின் முன்னாள் அதிகாரி. போரின் விசையை அழுத்தியது நான்தான் என்று பிறகு அவரே பேட்டியும் கொடுத்தார். 2015 பிப்ரவரியில் மின்ஸ்க்கில் இரண்டாவது ஒப்பந்தம் கையெழுத்தானபோது, 400 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஒரு கோடு நாட்டின் குறுக்கே கிடந்தது. அதைக் கடக்க ஐந்தே வழிகள்.

இதற்கிடையே, 2014 நவம்பரில் உக்ரைன் அரசு கோட்டுக்கு அப்பால் பணம் அனுப்புவதை நிறுத்தியது. அங்கே பதிவிலிருந்த ஓய்வூதியர்கள் 12 லட்சத்துக்கும் மேல். இனி வேண்டுமென்றால் இந்தப் பக்கம் வந்து 'உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்' என்று பதிய வேண்டும். பதிந்தபின் 60 நாளுக்கு மேல் அந்தப் பக்கம் தங்கினால் பணம் நின்றுவிடும். ஆக, வீட்டில் இருந்துகொண்டே வீட்டை விட்டு வந்துவிட்டதாகக் காகிதத்தில் சொல்ல வேண்டும். அந்தப் பொய்யை உயிரோடு வைத்திருக்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாலம் கடக்க வேண்டும். அவ்வப்போது வங்கியில் நேரில் நின்று முகம் காட்டவும் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை என் அம்மா கருவூலத்துக்குப் போய், தான் இன்னும் சாகவில்லை என்று கைரேகை வைத்து வருகிற நாளில் வீடே பரபரப்பாக இருக்கும். அவருக்கு ஆட்டோ உண்டு, நிழல் உண்டு. 2018இல் உக்ரைனின் உச்ச நீதிமன்றமே இந்த நிபந்தனை செல்லாது என்றது. நடைமுறை மாறவில்லை. அதற்குள் பாதிக்கும் மேற்பட்டோர் ஓய்வூதியத்தை இழந்திருந்தார்கள்.

எனக்கு இந்தக் கணக்குகள் எல்லாம் ஒரு கிழவியின் வழியாக வந்தவை. என் பழைய மாணவி ஒருத்தியின் தங்கை லுஹான்ஸ்க்கில் மருத்துவம் படித்தாள். 2014 கோடையில் இந்திய மாணவர்கள் வெளியேறியபோது அவளும் வெளியேறி, வேறு ஊரில் படிப்பை முடித்து, இப்போது இங்கே மருத்துவராக இருக்கிறாள். அவள் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளரை அவள் 'பாபுஷ்கா' என்பாள். நம் வாயில் 'பாட்டி'. ரயில் இன்ஜின் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டியவர். போர் தொடங்கியபின்னும் இருவரும் அலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள். பாட்டியின் முழங்கால், சர்க்கரை, பாலத்தில் நின்ற மணிநேரம் எல்லாம் தங்கையிடம் வந்து, தங்கை வழியாக என்னிடம் வரும்.

ஒருநாள் தங்கை தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அக்கா, பாட்டி அந்த மே மாச வாக்கெடுப்புல பிரிஞ்சு போகணும்னுதான் ஓட்டுப் போட்டாங்க."

2014 மே 11 அன்று துப்பாக்கி நிழலில் நடந்த அந்த வாக்கெடுப்பை எந்த நாடும் முறையாக ஏற்கவில்லை. நான் ரஷ்யாவை ஆக்கிரமிப்பாளன் என்று சொல்பவள். அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. அப்படியானால் இந்தப் பாட்டி யார்? பிரிவினைக்கு வாக்குப் போட்டுவிட்டு, பிரிந்த நாட்டிடமே பணம் வாங்க வருகிறாள் என்பதுதான் 'சுற்றுலா' என்ற சொல்லுக்குள் இருக்கும் எரிச்சல். அந்த எரிச்சல் சில நாள் எனக்குள்ளும் இருந்தது. பிறகு கிரேனை நினைத்துக்கொண்டேன். முப்பத்தொரு வருடம் அவர் தூக்கிய இரும்பின் மீதிக் கூலி அது. விசுவாசத்துக்குத் தரும் பரிசு இல்லை. தப்பாக வாக்களித்தவளின் கூலியை அரசு பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டால், நாளை எந்த ஊரில் எந்தப் பெண்ணின் கூலி மிஞ்சும்?

வகுப்பில் புறநானூறு நடத்தும்போது மூதின் முல்லை என்ற துறையைக் கடந்துதான் போக வேண்டும். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாய், முன்னைய போர்களில் தன் ஆண்களை இழந்தவள், இருக்கும் ஒரே பிள்ளையின் கையில் வேலைக் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகிறாள். மாணவிகள் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பாட்டில் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். போருக்குள் முதிய பெண்ணை நம் இலக்கணம் பார்க்கும் வழி பெரும்பாலும் இதுதான்: வீரனைப் பெற்றவள். பிள்ளையை அனுப்பிய மறுநாள் அவள் என்ன தின்றாள் என்பதற்குத் துறை கிடையாது. நவீன அரசுகளுக்கும் அந்தத் தாயைத்தான் பிடிக்கும். 'என் மகன் எங்கே' என்று கேட்கும் தாயைப் பிடிக்காது. 2014 ஆகஸ்டில், உக்ரைனில் ரகசியமாகச் செத்துக்கொண்டிருந்த ரஷ்யப் படைவீரர்களைப் பற்றிப் பேசிய பீட்டர்ஸ்பர்க்கின் படைவீரர் தாய்மார் அமைப்பை, அந்த மாதமே 'அந்நிய முகவர்' பட்டியலில் சேர்த்தது ரஷ்ய அரசு.

கோட்டின் இரு பக்கமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெண்ணை எங்கே நிறுத்துவது என்ற கேள்வியில் ஆண்கள் எதிரிகளிடமிருந்தும் கற்றுக்கொள்கிறார்கள். மைதானில் பெண்களுக்குச் சமையற்கட்டு ஒதுக்கப்பட்டது. இரவில் தடுப்பரண்களுக்கு வராதீர்கள் என்றார்கள். அதை எதிர்த்துத்தான் பெண்கள் தங்களுக்கென ஒரு படைக்குழு அமைத்தார்கள். பிறகு கிழக்கே போரிடப் போன பெண்கள் பலர், பதிவேட்டில் சமையல்காரியாகவும் தையல்காரியாகவும் எழுதப்பட்டுக் களத்தில் துப்பாக்கி பிடித்தார்கள். அரசு அவர்களுக்குப் போர்ப் பதவிகளைத் திறக்க 2016 ஆயிற்று. அந்தப் பக்கம், அல்செவ்ஸ்க் நகரில் 2014 அக்டோபரில் 'மக்கள் நீதிமன்றம்' என்று ஒன்றைக் கூட்டினார் பேய்ப்படை என்ற பிரிவின் தளபதி மொஸ்கொவோய். வன்புணர்வு வழக்கு. தீர்ப்பு கூட்டத்தார் கையுயர்த்தி முடிவானது. அதே மேடையில் அவர் சொன்னார், இனி மதுக்கடையில் தென்படும் பெண்களைப் பிடித்து அடைப்பார்களாம். பெண் வீட்டில் இருக்க வேண்டுமாம். விசாரிக்கப்பட்டது ஆண்களின் குற்றம், ஊரடங்கு பெண்களுக்கு. நமக்கு இது புதிய செய்தியா என்ன?

டொனெட்ஸ்க்கில் பழைய தொழிற்சாலை ஒன்று 'இசோலியாட்சியா' என்ற கலைமையமாக இருந்தது. 2012இல் கேமரூன் நாட்டுக் கலைஞர் பாஸ்கால் மார்த்தீன் தாயூ அதன் புகைபோக்கியின் உச்சியைப் பெரிய உதட்டுச்சாயக் குச்சியாக மாற்றினார். இரண்டாம் உலகப் போருக்குப்பின் இடிபாடுகளிலிருந்து அந்நகரை எடுத்துக் கட்டிய பெண்களுக்கு வணக்கம் அது. 2014இல் ஆயுதக் குழுவினர் அந்த வளாகத்தைப் பிடித்துச் சிறையும் வதைக்கூடமும் ஆக்கினார்கள். அடுத்த ஆண்டு உதட்டுச்சாயத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ராணுவத்துக்கு அதனால் என்ன பயன் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.

2022 பிப்ரவரி 24க்குப் பிறகு அந்தப் பாலத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. கோடு மேற்கே நகர்ந்துவிட்டது. ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியிலிருந்து உக்ரைனுக்கு வர நினைப்பவர்கள் ரஷ்யாவைச் சுற்றிக்கொண்டு வந்து, சூமி மாகாண எல்லையில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நடந்தார்கள்; 2024 ஆகஸ்டில் அதுவும் மூடிவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், ஓச்செரெட்டினே என்ற ஊரிலிருந்து 98 வயதுப் பெண் ஒருவர் வீட்டுச் செருப்போடு, ஊன்றுகோலோடு, குண்டுகளுக்கு நடுவே ஏறத்தாழப் பத்து கிலோமீட்டர் நடந்து உக்ரைனியப் பகுதியை அடைந்தார். உலகம் அவரை வியந்தது. அதற்கு முன் எட்டு ஆண்டுகள் நடந்தவர்களை யாரும் வியக்கவில்லை.

தங்கையின் பாட்டி லுஹான்ஸ்க்கிலேயே இருக்கிறார். இப்போது ஓய்வூதியம் ரூபிளில் வருகிறது. அதற்கு ரஷ்யக் கடவுச்சீட்டு வேண்டும் என்றார்கள், வாங்கிக்கொண்டார். பழைய உக்ரைனிய ஓய்வூதிய அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி மாவு டின்னுக்குள் போட்டு வைத்திருக்கிறாராம். முழங்கால் எப்படி இருக்கிறது என்று தங்கை கேட்டிருக்கிறாள். பாலம் ஏற வேண்டியதில்லையே, பரவாயில்லை என்றாராம்.