காலில் ஊசி குத்தி, கையைத் தூக்கச் சொன்னார்கள்!

பேரனைக் குளிப்பாட்டத்தான் விமானம் ஏறினேன். மகளுக்கு நவம்பர் முதல் வாரம் தேதி கொடுத்திருந்தார்கள். நாகர்கோவிலிலிருந்து பிரசவ லேகியம், சுக்கு, திப்பிலி, நல்லெண்ணெய் என்று பெட்டி நிறைய அடைத்துக்கொண்டேன். ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. புரட்டாசியிலிருந்தே என் வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை.

தலை வார முடியாது. ரவிக்கையின் பின் கொக்கி எட்டாது. இரவில் அந்தப் பக்கம் புரண்டால் உயிர் போகும். ஏதோ படுத்த வாக்கில் பிடித்துக்கொண்டது, தானாகப் போய்விடும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சொன்னால் மகள் "நீ வராதே" என்பாளோ என்ற பயம்தான் காரணம்.

குட்டு உடைய ரொம்ப நாள் ஆகவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, சொம்பைத் தூக்கினேன். கை பாதியிலேயே நின்றது. சொம்பு நழுவி, தண்ணீர் பிள்ளையின் முகத்தருகே கொட்டியது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, வீல் என்று அழுததோடு சரி. வாசலில் நின்ற மகள் பிள்ளையை வாங்கிக்கொண்டு கேட்டாள்: "அம்மா, எவ்வளவு நாளா இப்படி?"

மறுநாளே மருத்துவமனை. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு 'ஃப்ரோஸன் ஷோல்டர்' என்றார்கள். தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்து இறுகிப்போவது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வருமாம். எனக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. சுவரில் விரல்களை நண்டு போல மேலே நடக்கவிடும் பயிற்சி சொல்லித் தந்தார்கள். தானாகச் சரியாக ஒரு வருடம் ஆகலாம், மூன்று வருடமும் ஆகலாம் என்றார் டாக்டர். மூன்று வருடத்தில் பேரன் தானே குளித்துக்கொள்வான்!

அப்போதுதான் எதிர்வீட்டு ஆன்ட்டி உள்ளே வந்தார். மகள் இருப்பது தோ பாயோவில், அடுக்குமாடியின் ஒன்பதாவது தளம். ஆன்ட்டிக்கு எழுபது வயதிருக்கும். சீனர். அவருக்கும் எனக்கும் இடையே கொஞ்சம் ஆங்கிலம், நிறைய கை ஜாடை.

முதல் நாள் அவர் மகளுக்காக ஒரு பாத்திரம் சூப் கொண்டுவந்தார். மூடியைத் திறந்தால் மீனும் பப்பாளியும்! எனக்குக் கை நடுங்கிவிட்டது. கர்ப்பம் தொடங்கியதிலிருந்து பப்பாளியைக் கண்ணில் காட்டாமல் காத்த குடும்பம் நாங்கள். "பால் வரும்" என்று ஆன்ட்டி ஜாடை காட்டினார். நம் ஊரில் பால்சுறா புட்டு எதற்கோ, அதற்கே அங்கே பப்பாளி மீன் சூப். மகள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே குடித்து முடித்தாள்.

அதன்பிறகு எங்கள் இருவருக்கும் பேச்சு 'ஹீட்டி', 'கூலிங்' என்ற இரண்டு வார்த்தைகளில்தான் ஓடியது. சிங்கப்பூர்க்காரர்கள் வாயில் சாதாரணமாகப் புழங்கும் சொற்கள். சூடு, குளிர்ச்சி, வேறொன்றுமில்லை. மாம்பழம் சூடு, பொரித்தது சூடு, வெள்ளரிக்காய் குளிர்ச்சி. இதிலெல்லாம் நாங்கள் சம்பந்திகள் போல ஒத்துப்போனோம். நண்டில்தான் சண்டை. நமக்குச் சளி பிடித்தால் நண்டு ரசம், அது சூடு. அவருக்கோ நண்டு கடுங்குளிர்ச்சி, இஞ்சி இல்லாமல் தொடமாட்டார்.

என் தோளைப் பார்த்ததும் அவர் சொன்ன யோசனைதான் அக்குபங்சர். மகள் உடனே தலையாட்டவில்லை. அங்கே சீன மருத்துவர்களுக்கென்று 2000-ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்திருக்கிறது. பதிவு இல்லாமல் ஊசியைத் தொட முடியாது. பெயரைப் போட்டுப் பதிவு இருக்கிறதா என்று மொபைலிலேயே பார்த்த பிறகுதான் "போயிட்டு வா" என்றாள். "வெறும் வயித்தோட மட்டும் போகாதே" என்றும் சொன்னாள். பசியோடு ஊசி போட்டுக்கொண்டால் சிலருக்கு மயக்கம் வருமாம்.

தோ பாயோவில் சிவப்பு வழி ரயில், தோபி காட்டில் இறங்கி ஊதா வழிக்கு மாற்றம், இரண்டாவது நிலையம் சைனாடவுன். படியேறி பகோடா தெருவுக்கு வெளியே வந்தால், சிவப்பு விளக்குகளுக்கு நடுவே தெருவின் கடைசியில் நம் ஊர்க் கோபுரம்! 1827-இல் நாராயண பிள்ளை தொடங்கிய மாரியம்மன் கோயில். அந்தக் கோபுரத்தால்தான் தெருவுக்கே பகோடா என்று பெயர். சீனத்தில் இந்த வட்டாரத்துக்கு 'நியு சே சுவெய்' என்று பெயராம், காளை வண்டித் தண்ணீர் என்று அர்த்தம். ஒரு காலத்தில் வண்டியில்தான் இங்கே குடிதண்ணீர் வந்திருக்கிறது. அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஊசிக்குப் போனேன்.

சிகிச்சைக்கூடம் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில். அந்தப் பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். டாக்டர் என்றல்ல, 'பிசிஷியன்' என்றுதான் அழைக்கிறார்கள். நாக்கை நீட்டச் சொன்னார், இரண்டு கையிலும் நாடி பார்த்தார். அதன்பிறகு கேட்டதுதான் எனக்குப் பிடித்தது: "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? எல்லாவற்றையும் காட்டுங்கள்." ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்டா என்று தனியாகக் கேட்டார். சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் ஒரு வேளைகூட விடக்கூடாது என்று கறாராகச் சொன்னார். "ஊசி அதற்குப் பதில் இல்லை."

மேஜையில் உடம்பெல்லாம் புள்ளி போட்ட ஒரு சிறிய பொம்மை. என் கண் அதன் மேலேயே இருப்பதைப் பார்த்து அதன் கதையைச் சொன்னார். 1027-இல், சோங் அரசர்கள் காலத்தில், வாங் வெயி-யி என்ற மருத்துவர் ஆளுயர வெண்கல உருவங்களை வார்க்கச் செய்தாராம். புள்ளி இருக்கும் இடமெல்லாம் துளை. தேர்வின்போது மேலே மெழுகு பூசி, உள்ளே தண்ணீர் நிரப்புவார்கள். மாணவன் சரியான இடத்தில் குத்தினால் தண்ணீர் கசியும். எங்கள் பக்கத்து வர்ம ஆசான்கள் இதைக் கேட்டால் ரசிப்பார்கள். அவர்களுடைய 108 வர்மங்கள் வேறு கணக்கு, அவர்கள் ஊசியும் போடுவதில்லை.

தோளில் குத்துவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவரோ என் காலைப் பிடித்தார். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, வெளிப்பக்கமாக ஒரு ஊசி. உறையைக் கிழித்து எடுத்த புது ஊசி, தலைமுடி போல மெல்லியது. குத்தியது தெரியவே இல்லை. மெதுவாகத் திருகியபோதுதான் உள்ளே கனமாக, மரத்தாற்போல ஒன்று பரவியது. "இப்போது கையைத் தூக்குங்கள்" என்றார். காலில் ஊசியோடு கையைத் தூக்கு என்றால்? தூக்கினேன். வலித்தது, ஆனால் காலையில் சுவரில் நின்ற இடத்தைவிட நாலு விரற்கடை மேலே போனது. அப்புறம்தான் தோளில் சில ஊசிகள், இருபது நிமிடம். பக்கத்துத் திரைக்குப் பின்னால் யாருக்கோ மூலிகைத் திரி வைத்துச் சூடு காட்டினார்கள். பூக்கடையில் மாலைக்குச் சேர்ப்பார்களே மாசிப்பச்சை, அதன் குடும்பத்துச் செடியாம். அந்தப் புகையில் படுத்தபடியே தூங்கிவிட்டேன்.

திரும்பும்போது ஆன்ட்டி ஒரு மருந்துக்கடைக்குள் அழைத்துப்போனார். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள். சிவப்புப் பேரீச்சை போன்ற இலந்தை, தாமரை விதை, வருடக்கணக்கில் காயவைத்த ஆரஞ்சுத் தோல். ஒரு இழுப்பறையில் எனக்குத் தெரிந்த முகம், அதிமதுரம்! பாய்ந்து எடுத்தேன். கடைக்காரர் "பிரஷர்?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார். அதிமதுரம் கூடினால் ரத்த அழுத்தம் ஏறும். வீட்டில் தொண்டை கரகரத்தால் அதை எத்தனை நாள் சேர்ந்தாற்போல மென்றிருக்கிறேன்!

சற்றுத் தள்ளி யூ தோங் சென் தெருவில் பழைய தோங் சாய் கட்டடம் இருக்கிறது. 1867-இல் தொடங்கிய மருத்துவ நிலையம் அது. எந்த இனத்து ஏழை வந்தாலும் இலவசமாக நாடி பார்த்து மருந்தும் கொடுத்திருக்கிறார்கள். 1892-இல் எழுப்பிய கட்டடம், 1973-இல் தேசியச் சின்னமாக அறிவித்தார்கள். தோளில் மூட்டை சுமந்த நம் ஆட்கள் எத்தனை பேர் அந்தப் படி ஏறியிருப்பார்களோ!

வாரத்துக்கு இரண்டு முறை போனேன். இதற்கிடையில் டிசம்பர் 21. ஆன்ட்டி வீட்டு நாள்காட்டியில் ஒரு வருடம் இருபத்து நான்கு பருவங்களாகப் பிரிந்திருக்கிறது. அன்று 'தோங் ஷி', குளிர்காலத்தின் உச்சமாம். வெளியே முப்பது டிகிரி வெயில்! இஞ்சிப் பாகில் மிதக்கும் அரிசி உருண்டை கொண்டுவந்தார். தேங்காய்ப்பாலுக்குப் பதில் இஞ்சி என்பதைத் தவிர அது நம் பால்கொழுக்கட்டைதான். ஒன்றுக்கு மேல் நான் தொடவில்லை, மகள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

பருவமே இல்லாத ஊரில் பருவத்துக்கு ஏற்ற சாப்பாடு எப்படி? சாப்பாட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வரும் ஊர் வேறு. ஆன்ட்டி நாள்காட்டியை விழாவுக்கு வைத்துக்கொள்கிறார். அடுப்புக்கு அவர் பார்ப்பது ஜன்னலை. மழை இறங்கினால் மிளகும் இஞ்சியும் போட்ட சூப். வெயில் காய்ந்தால் நீர்ப்பூசணி சூப், பார்லித் தண்ணீர், பச்சைப்பயறுக் கஞ்சி. தொண்டை வறண்டால் சாமந்திப்பூத் தேநீர். ஐஸ் தண்ணீர் எந்த நாளும் இல்லை. எங்கள் அம்மாவும் இப்படித்தான் சமைத்தாள். டிவியில் சமையல் நிகழ்ச்சி பார்த்து ஆடியிலும் மார்கழியிலும் ஒரே குருமா வைக்கப் பழகியவள் நான்தான். அங்கே இருந்த மூன்று மாதமும் இனிப்பு குறைந்து, இரவில் சூப்பும் காய்கறியுமாக ஓடியதில் சர்க்கரையும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஊசியால்தான் கை தேறியது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். சுவர்ப் பயிற்சியை ஒரு நாளும் விடவில்லை, நாளும் ஓடியிருக்கிறது, சாப்பாடும் மாறியிருக்கிறது. ஆனால் ஊசி போட்ட இரவுகளில் வலி குறைந்து தூங்கினேன், தூங்கி எழுந்ததால் மறுநாள் பயிற்சி செய்ய முடிந்தது. அதுவரை உறுதியாகச் சொல்வேன். பத்தாவது முறை முடிந்தபோது கை காது உயரத்துக்கு வந்தது. பின் கொக்கி இன்னும் எட்டவில்லை.

பொங்கலுக்கு மறுநாள் மீண்டும் காலை நீட்டி உட்கார்ந்தேன். மகள் ஒரு கையைச் சொம்புக்கு அடியிலேயே வைத்திருந்தாள். தேவைப்படவில்லை. இந்த முறை பேரன் அழவில்லை, எண்ணெய்க் காலால் என்னை உதைத்தான். கதவருகில் நின்று பார்த்த ஆன்ட்டி, குளித்த பிள்ளைக்குக் காற்று படுமே என்று ஜன்னலைச் சாத்தப் போனார். அதையேதான் நானும் சொல்ல வாயெடுத்தேன்.

கிளம்பும்போது மீதியிருந்த சுக்கையும் திப்பிலியையும் அவரிடம் கொடுத்தேன். போன வாரம் மகளின் மொபைலிலிருந்து ஒரு குரல் செய்தி. அங்கே மழையாம். ரசத்துக்கு மிளகு எத்தனை என்று கேட்கிறார்.