மாளா: ஒரு வாக்குறுதியும் நான்கு ஏக்கர் நிலமும்

கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் உள்ள மாளா, பார்வைக்குச் சாதாரணக் கடைத்தெரு ஊர்தான். சாலக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குபவர், கடைகளுக்கு நடுவே நிற்கும் அந்தப் பழைய கட்டடத்தைக் கவனிக்காமலே போய்விடலாம். அதுதான் யூதப்பள்ளி. அங்கே தொழ ஊரில் ஒரு யூதர்கூட இல்லை.

யூதர்கள் இந்தக் கரைக்குப் புதியவர்களல்ல. பக்கத்தில் இருக்கும் கொடுங்கல்லூர்ப் பகுதிதான் சங்க காலத்து முசிறி என்பது பரவலான கருத்து. கி.பி. 1000-ஐ ஒட்டி சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவனுக்கு 72 உரிமைகள் வழங்கிய செப்பேட்டின் எழுத்து, தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலும் காணப்படும் அதே வட்டெழுத்து. மயிலைக் குறிக்கும் 'துக்கி' என்ற எபிரேயச் சொல் தமிழ்த் 'தோகை'யிலிருந்து போனது என்பாரும் உண்டு.

ஜெர்மனியின் சிற்றூர்களில் யூதக் கல்லறைகள் சொல்லும் கதை வேறு. அங்கே நாஜிகள் யூதர்களை விரட்டினார்கள், கொன்றார்கள். மாளாவில் யாரும் யாரையும் துரத்தவில்லை. 1948-ல் இஸ்ரேல் உருவானது. 1950களில் கேரள யூதர்களில் பெரும்பாலோர் தாமாகவே புறப்பட்டார்கள்.

போவதற்கு முன் மாளா யூதர்கள் ஒரு காரியம் செய்தார்கள். 1955-ல் பள்ளியையும் சுமார் நான்கு ஏக்கர் மயானத்தையும் உள்ளூர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்தார்கள். நிபந்தனைகள் எளியவை: பள்ளியை வேறு வழிபாட்டுத் தலமாக்கக் கூடாது, கசாப்புக் கூடமாகவும் ஆக்கக் கூடாது. மயானம் மயானமாகவே இருக்க வேண்டும். அண்டை வீட்டாரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறவர்களின் நம்பிக்கை அது.

நம்பிக்கை முழுதாகப் பலிக்கவில்லை. நான்கு ஏக்கர் காலி நிலம் ஊருக்கு நடுவில் கிடந்தால் எந்த உள்ளாட்சிக்கும் கை அரிக்கும். மயானத்தின் ஒரு பகுதியில் விளையாட்டு மைதானக் கட்டுமானம் முளைத்தது. வேடிக்கை என்னவென்றால், ஒப்பந்தத்தைக் காட்டி வாதாட முன்வந்தவர்கள் யூதர்களல்ல. ஊர்க்காரர்களில் சிலரே, பாரம்பரியத்தைக் காக்க வேண்டும் என்று கூடிப் போராடினார்கள். இளைஞர்களுக்கு விளையாட இடம் வேண்டாமா என்ற பதிலையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கிறதே!

அவ்வப்போது இஸ்ரேலிலிருந்து கேரள யூதர்களின் பேரப்பிள்ளைகள் பூர்வீகம் தேடி வருகிறார்கள். முன்னோர் புதைந்த இடத்தைக் கேட்டால் மாளாவில் அடையாளம் காட்ட மிஞ்சியிருப்பவை மூன்று கல்லறைகள்.