காலுக்குத் தக்க செருப்பும் கனடாக் குளிரும்

மக்களே, இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம், வீட்டுல அதைவிட அதிகம். இன்னிக்கு எழுத உட்கார வச்சது ஒரு ஜோடி பூட்ஸ். பனிக்காலத்துல சைக்கிள் ஓட்டுறதுக்குன்னே செய்யுற பூட்ஸ். "செருப்பு வாங்குனதுக்கெல்லாம் ஒரு பதிவாய்யா?"ன்னு கேக்குறவங்க, முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க. :-)

கதை 2022ல ஆரம்பிக்குது. நான் டொரண்டோவுக்கு வந்து அஞ்சு வருஷம் ஆகியிருந்துச்சு. வழக்கமான ரத்தப் பரிசோதனையில ஹெச்.பி.ஏ.1.சி. 6.2ன்னு வந்துச்சு. மூணு மாசத்துச் சர்க்கரையோட சராசரியைக் காட்டுற எண் அது. இங்க 6.0ல இருந்து 6.4 வரைக்கும் இருந்தா சர்க்கரை நோய்க்கு முந்தின படி, 6.5 தொட்டா உள்ளே வந்தாச்சுன்னு அர்த்தம். "இப்போதைக்கு மருந்து வேணாம், தினமும் உடம்பை அசைங்க"ன்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஜிம்முக்கு வருஷச் சந்தா கட்டிட்டு நாலே நாள் போன வரலாறு நமக்கு உண்டு. (தங்கமணி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுறது தனிக்கதை.) அதனால சைக்கிள்னு முடிவு பண்ணினேன். வீடு உட்பைன் பீச் பக்கம், ஆபீஸ் டவுன்டவுன்ல. ஒண்டாரியோ ஏரியை ஒட்டியே போற மார்ட்டின் குட்மன் ட்ரெயில்ல சுமார் 9 கிலோமீட்டர்.

2023 வெயில் காலம் முழுக்க ராஜா மாதிரி போனேன். நவம்பர் வந்ததும் கூட ஓட்டுனவங்க ஒவ்வொருத்தரா சைக்கிளை உள்ளே தூக்கி வச்சுட்டாங்க. நான் நிறுத்தலை. வீரம்லாம் இல்லீங்க. குளிருதுன்னு சர்க்கரை லீவு போடாதே, அந்தப் பயம்தான்.

டொரண்டோக் குளிரைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். மைனஸ் 15ன்னா ஊர்ல இருக்குறவங்க ஆத்தாடின்னு வாயைப் பொத்துவாங்க. ஆனா சைக்கிள்காரனுக்கு அது பரவாயில்லை. பனி காஞ்சு மாவு மாதிரி கிடக்கும், தட்டினா உதிர்ந்துடும். எமன் எதுன்னா, சைபருக்கு ஒரு டிகிரி மேல, ஒரு டிகிரி கீழன்னு ஊசலாடுற நாள்தான். ரோட்டுல போட்ட உப்பும் பனியும் கலந்து சாம்பல் நிறத்துல ஒரு சகதி ஓடும். அது ஷூவுக்குள்ள போச்சுன்னா கதை முடிஞ்சுது. காத்தைவிடத் தண்ணி 20 மடங்குக்கும் மேல வேகமா சூட்டைக் கடத்தும். போதாததுக்கு நம்ம வேகமே ஒரு காத்து. மைனஸ் 5ல 20 கிலோமீட்டர் வேகத்துல காத்தடிச்சா வெறுந்தோலுக்கு அது மைனஸ் 12 மாதிரி இருக்கும்னு இங்கத்துக் குளிர்காத்து அட்டவணை சொல்லுது. ஏரிக்காத்து எதிர்ல வந்தா அதுக்கும் மேல.

முதல் முயற்சி: வெயில் காலத்து ஷூவுக்கு மேலேயே நியோப்ரீன் உறை ஒண்ணை மாட்டிக்கிட்டேன். நம்ம ஊர் மூளை, இருக்குறதை வச்சு ஒப்பேத்தலாம்னு. அந்த ஷூவோ காத்து போறதுக்காக வலை வலையா நெஞ்சது. அடியில கிளீட்னு ஒரு இரும்புத்துண்டு திருகியிருக்கும், பெடல்ல போய்க் கவ்விக்கிறதுக்கு. உறையில அந்த இடத்துல ஓட்டை விட்டுத்தானே ஆகணும்? சகதித் தண்ணி அது வழியா ஏறும். இரும்பு வேற பாதத்துச் சூட்டை நேரா பெடலுக்கு இழுத்துட்டுப் போகும். மூணே வாரத்துல கைகழுவிட்டேன்.

ரெண்டாவது முயற்சி: பனிக்கால சைக்கிள் ஷூவே வாங்கினேன். 300 டாலருக்கு மேல. (ரூபாய்ல பெருக்கிப் பார்க்காதீங்க, நெஞ்சு வலிக்கும்.) தண்ணி புகாத சவ்வு, உள்ளே பஞ்சு, எல்லாம் சரி. நான் பண்ணின தப்பு அளவுல. எப்பவும் போடுற 42ஐயே வாங்கினேன். சைக்கிள் ஷூன்னா காலைக் கவ்விப் பிடிக்கணும்னு எங்கேயோ படிச்சது. அப்புறம் குளிருதேன்னு ஒரு கம்பளி சாக்ஸுக்கு மேல இன்னொரு கம்பளி சாக்ஸ். திணிச்சு, இழுத்து, கட்டினேன். மேள உறை மாதிரி இறுக்கமா இருந்துச்சு. "நல்லாப் பொருந்துது"ன்னு நானே சொல்லிக்கிட்டேன்.

2024 ஜனவரியில ஒரு செவ்வாக்கிழமை. சைபரை ஒட்டின குளிர், ஐஸும் மழையும் கலந்து சாரல். செர்ரி ஸ்ட்ரீட் தாண்டுறப்போ வலதுகால் விரல்கள் குத்த ஆரம்பிச்சுது. கொஞ்ச நேரத்துல குத்தல் நின்னுடுச்சு. "அப்பாடா, பழகிடுச்சு"ன்னு சந்தோஷப்பட்டேன் பாருங்க, அந்த அறிவை எங்கே போய்ச் சொல்ல! ஆபீஸ்ல போய் சாக்ஸைக் கழட்டினா கடைசி ரெண்டு விரலும் மெழுகு மாதிரி வெள்ளையா இருக்கு. கிள்ளினேன். தெரியலை. இன்னும் அழுத்திக் கிள்ளினேன். வேற யாரோட காலையோ கிள்ளுற மாதிரி இருந்துச்சு.

அந்த நிமிஷம் கண்ணு முன்னால வந்தது எங்கப்பாவோட கால்.

(கொசுவத்தியைச் சுத்திக்கோங்க.) அப்பா பாளையங்கோட்டையில இருக்காரு. அரசு பஸ்ஸுல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். ரொம்ப வருஷமா சர்க்கரை. 2006ல அக்கா கல்யாணத்துக்குன்னு ஆசையா ஒரு தோல் ஷூ வாங்கினாரு. கொஞ்சம் இறுக்கம்தான். "போடப் போட இளகிடும்"ன்னு கடையில சொன்னாங்க, இவரும் தலையாட்டிட்டு வாங்கிட்டாரு. கல்யாண வேலையில மூணு நாள் அதோட ஓடினாரு. பந்தியில ஓடினாரு, மண்டபத்துக்கும் வீட்டுக்கும் ஓடினாரு. ஒரு தடவைகூடக் கடிக்குதுன்னு சொல்லலை. ஏன்னா கடிச்சது அவருக்குத் தெரியவே இல்லை. நாலாம் நாள் அம்மாதான் திண்ணையில ரத்தக் கறையைப் பார்த்தாங்க. சுண்டு விரல் ஓரத்துல புண்ணு, உள்ளுக்குள்ள சீழ். ஒன்றரை மாசம் ஆஸ்பத்திரியும் வீடுமா அலைஞ்சும் அந்த விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு.

அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் அவருக்கு எம்.சி.ஆர். செருப்புதான். சர்க்கரைக்காரங்களுக்குன்னு மெத்துன்னு ரப்பர் வச்சுச் செய்யுறது, பார்த்திருப்பீங்க. தினம் ராத்திரி படுக்குறதுக்கு முன்னால ஒரு முகம் பார்க்குற கண்ணாடியைக் கீழ வச்சு உள்ளங்காலைப் பார்ப்பாரு. அப்போ நான் கேலி பண்ணுவேன். அவரு சொன்னது மட்டும் மறக்கலை. "செருப்பு காலுக்குப் பழகும்னு சொல்லுவானுவ, நம்பாதல. உணர்ச்சி இருக்க வரைக்கும் காலு சத்தம் போடும். சத்தம் நின்னுட்டுன்னா சரியாயிட்டுன்னு நினைக்காத, கண்ணால பாரு."

நான் அதேதானே பண்ணியிருக்கேன்? குத்தல் நின்னதும் பழகிடுச்சுன்னு நினைச்சேன்.

அரை மணி நேரத்துல ரத்தம் திரும்பி வந்து, தீயா எரிஞ்சு, நிறம் மாறிடுச்சு. ஆனா சுண்டு விரல் நுனி மட்டும் மூணு நாள் மரமரன்னே இருந்துச்சு. அந்த மூணு நாள் ராத்திரியும் தூக்கம் இல்லை. குளிரா, சர்க்கரையா? தங்கமணிகிட்ட மூணாம் நாள்தான் சொன்னேன். அதுக்கு வாங்கினது வேற.

டாக்டரம்மா ஒரு நைலான் நரம்பை எடுத்தாங்க. தூண்டில் நரம்பு மாதிரி இருக்கும். அது வளையுற அளவுக்கு அழுத்தினா 10 கிராம் அழுத்தம்னு கணக்கு. என்னைக் கண்ணை மூடச் சொல்லிட்டு, பாதத்துல ஒவ்வொரு இடமா தொட்டு "தெரியுதா?"ன்னு கேட்டாங்க. வாழ்க்கையில எந்த இன்டர்வியூவிலேயும் அவ்வளவு பயந்ததில்லை. எல்லா இடத்துலேயும் தெரிஞ்சுது. "நரம்பு நல்லாத்தான் இருக்கு. இறுக்கமான ஷூவும் ஈரமும்தான் காரணம்"னாங்க. மரத்துப்போன காலைத் தேய்க்கக் கூடாது, ஹீட்டர்கிட்டேயும் கொண்டு போகக் கூடாதாம். சுடுறது தெரியாம வெந்துடும். வெதுவெதுப்பான தண்ணி போதும்னாங்க. (நான் ஆபீஸ்ல என்ன பண்ணினேன்? டேபிளுக்கு அடியில ஹீட்டர்கிட்ட நீட்டிக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். அவ்வ்வ்...)

அப்பதான் உறைச்சுது. ஷூ சூட்டை உண்டாக்குறதில்லை. சூடு ரத்தத்துல வருது. ஷூ அதைக் காப்பாத்தத்தான் செய்யுது. ரத்தத்தையே இறுக்கி நிறுத்திட்டு மேல எத்தனை கம்பளி சுத்தினாலும் காலிப் பானையை மூடி வச்ச கதைதான். உடம்பு நடுப்பக்கம் குளிர்ந்தாலும் முதல்ல ரத்தத்தைக் குறைக்கிறது கை கால் விரலுக்குத்தான். அதனால தொடைக்கும் தலைக்கும் போடுறதும் காலுக்குப் போட்ட மாதிரிதான்.

மூணாவது முயற்சி, இந்தத் தடவை பொறுமையா. நான் பார்த்ததை வரிசையா சொல்றேன், யாருக்காவது உதவும்.

கடைக்குச் சாயங்காலம் போங்க. பகல் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்குறப்போ பார்க்குற அளவுதான் நிஜம். பனிக்காலத்துல போடப் போற சாக்ஸையே கொண்டு போங்க. ஒண்ணே ஒண்ணு, தடியான கம்பளி. பருத்தி வேணாம், நனைஞ்சா ஐஸ் ஒத்தடம்தான். ஷூவுக்குள்ள இருக்குற இன்சோலை வெளியே எடுத்துத் தரையில போட்டு அதுமேல நில்லுங்க. விரல் ஓரம் வெளியே வழிஞ்சா அந்த ஷூ ஆகாது. போட்டதும் அஞ்சு விரலையும் பியானோ வாசிக்கிற மாதிரி அசைங்க. அசையலைன்னா கழட்டி வச்சிடுங்க. ஐரோப்பிய அளவுல ஒரு நம்பருக்கு முக்கால் சென்டிமீட்டர்கூட வித்தியாசம் கிடையாது. 42 போடுற நான் கடைசியில வாங்கினது 44, அதுலேயும் அகலமான அச்சு. கடைக்காரப் பையன் ஒரு மாதிரிப் பார்த்தான். பார்க்கட்டும்.

கிளீட் போடலை. 9 கிலோமீட்டருக்கும் அத்தனை சிக்னலுக்கும் அது எதுக்கு? அடியில இருந்த மூடியை அப்படியே விட்டுட்டேன், பெடலையும் தட்டையானதா மாத்திட்டேன். இரும்பு வழியா சூடு போறதும் நின்னுது, தண்ணி ஏறுறதும் நின்னுது, ஐஸ்ல வழுக்கினா காலை ஊன்றதும் சுலபம்.

ஈரத்தைப் பத்தி நான் கண்டுபிடிச்ச பெரிய ரகசியம்: காலை நனைக்கிறதுல பாதி மழை இல்லை, நம்ம முன்சக்கரம்தான்! முன் மட்கார்டுக்குக் கீழே பிளாஸ்டிக் பால் கேனை வெட்டி ஒரு நாக்கு மாதிரி தொங்க விட்டேன். செலவு சைபர். 300 டாலர் ஷூ செய்யாததை அது செஞ்சுது. அப்புறம், தண்ணி புகாத பேண்ட்டை ஷூவுக்கு வெளியே விடணும். உள்ளே செருகினா கால் வழியா இறங்குற தண்ணி ஷூவுக்குள்ள போய்த் தேங்கும். வெளியே இருந்து புகாத சவ்வு உள்ளே தேங்குனதையும் வெளியே விடாது. நனைஞ்சா நியூஸ்பேப்பரைத் திணிச்சு வைங்க, ஒரு மணி நேரத்துல மாத்துங்க. ஹீட்டர் மேல வச்சா ஒட்டுன பசை பிரிஞ்சிடும். உப்புக்கறையை அன்னிக்கே ஈரத்துணியால துடைச்சுடுங்க.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. விரல் குத்த ஆரம்பிச்சா இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கிட்டு நடங்க. நடந்தா ரத்தம் இறங்கும். அஞ்சு நிமிஷம் லேட்டானா ஆபீஸ் ஓடிப் போயிடாது. வீட்டுக்கு வந்ததும் சாக்ஸைக் கழட்டிக் காலைப் பாருங்க. சர்க்கரை இருக்கோ இல்லையோ, பாருங்க.

இந்த பூட்ஸோட ரெண்டு பனிக்காலம் ஓட்டியாச்சு. சர்க்கரை எண் 5.8க்கு வந்திருக்கு. முழு வெற்றின்னு சொல்ல மாட்டேன், பொங்கலுக்கு நான் சாப்பிட்ட சர்க்கரைப் பொங்கல் கணக்கு தனியா இருக்கு.

அந்த பூட்ஸை வாங்கின அன்னிக்கு வீடியோ கால்ல அப்பாகிட்டக் காட்டினேன். என்ன விலைன்னு கேக்கலை. எந்தக் கம்பெனின்னு கேக்கலை. கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு, கிட்ட வந்து பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாரு.

"உள்ள விரலு அசையுதால?"

அசையுதுப்பான்னேன்.

"அப்பம் சரி"ன்னுட்டு போனை அம்மாகிட்டக் குடுத்துட்டாரு.

பி.கு: குளிர் ஊர்கள்ல சைக்கிள் மிதிக்கிற மக்கள் உங்க கால் கதையையும் சொல்லுங்க. கை விரல் கதைக்கு இன்னொரு பதிவு போடணும். க்ளவுஸ்லேயும் இதே கூத்தைப் பண்ணி வச்சிருக்கேன். :-)