ஊற்றிக் கொடுத்தவன் பொறுப்பு

கிள்ளானுக்கடுத்த தோட்டமொன்றில் நான் கிராணி. ஆலைக்கும் லாரிக்கும் ஆண்டுதோறும் இன்ஷூரன்ஸ் பிரீமியக் கணக்கு எழுதுபவன். அந்தப் பழக்கத்தை நம்பி, பிரிக்பீல்ட்ஸில் மதுக்கடை நடத்தும் நண்பரொருவர் தமது பாலிசியைக் கொடுத்து விளக்கச் சொன்னார். வாடிக்கைக்காரன் கடையில் வழுக்கிக் காலொடித்துக்கொண்டால் நஷ்டஈடு உண்டு. அளவுமீறிக் குடித்து, வழியே செல்வோன்மீது மோட்டாரை ஏற்றினால்? அதைப்பற்றி ஒரு வரியும் காணோம்.

"குடித்தவன் குற்றம், ஐயா" என்றார் நண்பர்.

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாகாணம் 1872-லேயே வேறு விடை சொல்லிற்று: குடிகாரனால் கேடுற்றவரும் அவன் மனைவி மக்களும் விற்றவன்மீதே வழக்காடலாம். அவ்வச்சத்தினாலன்றோ அங்கே மதுக்கடைக்காரர் அதற்கெனத் தனி இன்ஷூரன்ஸ் எடுக்கின்றனர்!

நம்மவர் கண்ட நியாயம் தலைகீழ். இந்தியாவில் 1923-ல் இயற்றிய தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், போதையால் நேர்ந்த காயத்துக்கு முதலாளி பொறுப்பல்ல என்றது. மலாயாத் தோட்டங்களிலோ கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. என் பாட்டனார் சம்பளத்தன்று மாலையே பாதிக் கூலியை அங்கே வைத்துவிட்டு வருவாராம். பாட்டி இதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். அச்சிரிப்பை நான் நம்பியதில்லை. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கேட்டனர். வந்தது பட்டாளம்.

2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த மலிவு மதுவுக்கு 30-க்கு மேற்பட்டோர் பலியாயினர், பெரும்பாலும் சிலாங்கூரில். அவர்களிற் பலர் அயல்நாட்டுத் தொழிலாளர். திருட்டுச் சரக்குக்கு எந்தக் கம்பெனி பாலிசி எழுதும்?

நண்பரிடம், தள்ளாடுகிறவனின் மோட்டார்ச் சாவியையாவது வாங்கி வைத்துக்கொள்ளும்படி சொன்னேன்.

"வியாபாரம் போய்விடுமே!" என்றார்.