மலைக்கு ஏற்ற மைக்

மூஞ்சிக்கல், கொடைக்கானல்
நவம்பர் 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அக்கா கொடுத்தனுப்பிய முறுக்கும் வந்து சேர்ந்தது, பாதி நொறுங்கி. மூன்று நாளாக மழை விடவில்லை; வெளியே போக வழியில்லாததால்தான் உனக்கு இவ்வளவு சீக்கிரம் பதில்.

பூம்பாறைப் பள்ளிக்கு மாற்றலாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் பிள்ளைகளுக்குக் கதை பதிவுசெய்யவும், பூண்டுக் காட்டில் களையெடுக்கும் பாட்டிகளின் பாட்டைப் பிடித்துவைக்கவும் கிளம்பிவிட்டாய். நல்ல காரியம். "பத்தாயிரத்துக்குள் ஒரு கண்டன்சர் மைக் சொல்லுங்கள் மாமா" என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். அதற்கு முன் என் முதல் மைக்கைப் பனி தின்ற கதையைக் கேள்.

அது ஒரு கண்டன்சர் மைக்தான். என்ன கம்பெனி என்பது வேண்டாம், தப்பு அதன்மேல் இல்லை. வாங்கிய ஜோரில் ஜன்னல் ஓரம் ஸ்டாண்டில் மாட்டி, ராத்திரியும் அப்படியே விட்டுவிடுவேன். பார்க்க ஸ்டுடியோ மாதிரி இருக்குமே என்ற ஆசை. சாயங்காலம் மேகம் இறங்கினால் நம் வீட்டுக்குள் எப்படி நுழையும் என்று உனக்குத் தெரியும். இரண்டு மாதம் கழித்து, பேசும்போது பின்னால் சோளம் பொரிகிற மாதிரி பட் பட்டென்று ஒரு சத்தம். கேபிளை மாற்றினேன். அடுத்த வீட்டுப் பையனின் லேப்டாப்பை வாங்கி வந்து போட்டுப் பார்த்தேன். போகவில்லை. ஒருநாள் வெயிலடித்த மத்தியானம் பார்த்தால் சத்தம் தானாக நின்றிருந்தது. மறுநாள் பனி வந்ததும் திரும்பி வந்தது. அப்போதுதான் புத்தியில் உறைத்தது.

கண்டன்சர் மைக்கின் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்று, மேலே தங்கப்பூச்சு. அதற்கு மயிரிழை தள்ளி ஒரு உலோகத் தகடு. இரண்டுக்கும் நடுவே மின்னேற்றம் தேங்கியிருக்கும். குரல் பட்டு சவ்வு அசையும்போது மின்னழுத்தம் மாறுகிறது, அந்த மாற்றம்தான் ஒலியாக வருகிறது. அந்த மின்னேற்றம் எங்கும் கசியக்கூடாது. ஈரம் படிந்தால் கசியும். கசிவதுதான் பொரிகிற சத்தம். மதுரையில் பத்து வருஷம் உழைக்கிற மைக் இங்கே ஒரு ஐப்பசி தாங்காமல் போவது இதனால்தான். இன்னொரு விஷயமும் உண்டு. விடியற்காலைக் குளிரில் மைக்கே ஜில்லென்று இருக்கும், நம் மூச்சோ வெதுவெதுப்பு. கண்ணாடி டம்ளரில் ஊதினால் வேர்ப்பது போல அந்தச் சவ்வும் வேர்த்துவிடும்.

அதனால் மைக் வாங்கும் அன்றே காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றும், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலமும் வாங்கு. நீல மணிகள் ஈரத்தை இழுத்து ரோஸ் நிறமானால் வாணலியில் லேசாகச் சூடுகாட்டு, திரும்ப நீலமாகும் (சமையல் வாணலி வேண்டாம், பழசு ஏதாவது). அரிசிக்குள் புதைத்துவைக்கும் வேலை வேண்டவே வேண்டாம், மாவுத்தூசி உள்ளே போகும். பதிவுக்கு அரைமணி முன்னால் மைக்கை வெளியே எடுத்து அறையின் சூட்டுக்குப் பழகவிடு. கணப்புப் பக்கம் வைக்காதே. புகையும் சவ்வுக்கு ஆகாது.

இனி எந்த மைக் என்பதற்கு வருகிறேன். என் ஓட்டு ஆடியோ-டெக்னிகா ஏ.டி.2020-க்கு. உன் தொகைக்குள் வரும் என்றுதான் நினைக்கிறேன். கடைக்குக் கடை விலை மாறுகிறது, இரண்டு இடத்தில் விசாரி. ஆசைப்பட வைப்பது ரோடு என்.டி.1-ஏ. மைக் தானாகப் போடும் இரைச்சல் ஏ.டி.2020-ல் 20 டெசிபல், என்.டி.1-ஏ-வில் வெறும் 5. பதினைந்துதானே என்று நினைக்காதே, டெசிபல் கணக்கில் அது முப்பது மடங்கு ஆற்றல். கீழே ஊரில் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது, தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே ஏது ஃபேன்? ராத்திரி பத்து மணிக்கு மேல் பூம்பாறையில் மைக்கின் 'உஸ்' காதில் விழத்தான் செய்யும். ஆனாலும் உனக்கு என்.டி.1-ஏ-வைச் சொல்ல மாட்டேன். விலை தாண்டும். அதோடு, மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் வாயை வைத்துப் பேசினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடும். செலவே இல்லை.

ஏ.டி.2020 பக்கவாட்டில் பேசவேண்டிய மைக். கம்பெனி முத்திரை இருக்கும் பக்கம் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். கோன் ஐஸ் மாதிரி உச்சியில் பேசிவிட்டு "சத்தமே வரலையே" என்று ஒரு வாரம் திண்டாடியவன் உன் மாமன், வெளியே சொல்லாதே. முதுகுப்பக்கம் வரும் சத்தத்தை அது அவ்வளவாக எடுக்காது, ஆகவே மைக்கின் முதுகை ஜன்னலுக்குக் காட்டு.

மைக்கை நேராக லேப்டாப்பில் செருக முடியாது. மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் (பேண்டம் பவர்) கொடுக்கும் இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி தேவை. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போன்றவை லேப்டாப்பின் யு.எஸ்.பி.யிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும். பழசாகக் கிடைத்தால் போதும். இதில் நம் ஊருக்கு ஒரு லாபம் இருக்கிறது: கரண்ட் போனபிறகு லேப்டாப் பேட்டரியில் பதிவுசெய்து பார். ஃபிரிட்ஜ் முனகல் இல்லை. என் நல்ல பதிவுகளில் பாதி கரண்ட் கட்டில் வந்தவை.

ஸ்டாண்டு, ஹெட்போன், பஞ்சு எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சத்துக்குக் 'கண்டன்சர் செட்' என்று விற்கிறார்களே, அதில் விழாதே. கண்டன்சர் மைக் மலிவானதே 1962-ல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் நிரந்தர மின்னேற்றம் கொண்ட எலக்ட்ரெட் சவ்வைக் கண்டுபிடித்ததால்தான். உன் செல்போனில் பல காலம் இருந்ததும் அந்த வகைதான். அந்தச் செட்டில் இருப்பதும் பெரும்பாலும் அதே சின்ன வில்லை. மேலே பெரிய கூண்டு.

பாட்டிகளிடம் போகும்போது கண்டன்சரைத் தூக்கிக்கொண்டு போகாதே. காட்டில் காற்றடித்தால் எல்லாம் போச்சு, தூறல் விழுந்தால் மைக்கும் போச்சு. அதற்கு ஷுர் எஸ்.எம்.58 மாதிரி டைனமிக் மைக்தான் சரி. கோயில் திருவிழாவில் பார்த்திருப்பாய், கீழே போட்டாலும் பேசும். ஆனால் ஏ.டி.2020 கொடுக்கும் சிக்னலில் ஏழில் ஒரு பங்குதான் அதிலிருந்து வரும், வாயோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். பாட்டிகள் அதைப் பார்த்ததும் மேடைப் பேச்சு பேச ஆரம்பித்துவிடுவார்கள். முதலில் செல்போனையே சேலை மடிப்போரம் வைத்துப் பிடி. பழகியபின் மற்றதைப் பார்க்கலாம்.

அறைக்குச் செலவு செய்யாதே. கோழிமுட்டை அட்டை ஒட்டுகிறவர்களைப் பார்த்து ஏமாறாதே, அது எதிரொலியைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. நம் வீடுகளில் இல்லாத கம்பளியா? உனக்குப் பின்னால் கயிறு கட்டி இரண்டு கனத்த கம்பளியைத் தொங்கவிடு, பக்கத்தில் மெத்தையைச் சாய்த்து வை. தகரத்தில் மழை விழும் சத்தத்துக்கு மட்டும் எந்தக் கம்பளியும் எந்த மைக்கும் மருந்தில்லை. அன்றைக்குப் பதிவை விட்டுவிட்டு விடைத்தாளைத் திருத்து.

ஆக, ஏ.டி.2020, பழைய இன்டர்ஃபேஸ், டப்பா, சிலிக்கா ஜெல். பணம் குறைந்தால் இன்டர்ஃபேஸை நான் தருகிறேன், என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது. வாங்கியதும் முதல் பதிவை எனக்கு அனுப்பு. கதை சொல்லும் முன் அரை நிமிஷம் எதுவும் பேசாமல் ஓடவிடு. உன் அறை எப்படி இருக்கிறதென்று அதைக் கேட்டுத்தான் சொல்ல முடியும்.

அன்புடன்,
மாமா